நெய்யரி

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகையாகப் பகுத்து எட்டு உவமைகள் கூறினார். அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர்க்கு. மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கு. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடை மாணாக்கர்க்கு. நெய்யரி என்பது பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். இதனை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். நானும் உடன் சிரிப்பேன். அக்கடை வரிசையில் நானே அமர நேர்ந்த ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு வானொலிக் கருவிமேல் காதல் பிறந்தது வியப்பாகத் தோன்றலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், கீழவீதிக்கு அருகே குடியிருந்த பெரியவர் ஒருவர் எனக்கு அமெச்சூர் வானொலியை அறிமுகப்படுத்தினார். 'ஹாம்' என்று உலகெங்கும் வழங்கும் கலை அது. புள்ளியும் கோடுமாகிய மோர்சு ஒலியை மேசைமேல் விரலால் தட்டித் தட்டியே அவர் கற்பித்தார். மைய அரசின் தேர்வில் தேறி உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றபின், பணியின் பொருட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியேறினேன். இரு தென்னைகளுக்கிடையே பத்து மீட்டர் நீளக் கம்பியைக் கட்டி, 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உலகோடு பேசத் தொடங்கினேன்.

இக்கலையில் தொலைவும் அரிய இடமும் பெருஞ்செல்வம். எவரும் எளிதில் பேசக் கிடைக்காத தீவிலிருந்து ஒரு நிலையம் ஒலிபரப்பினால் உலகமே அதனை நாடும். அது எப்போது, எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கின்றது என்பதை அறிய எழுந்த ஏற்பாடே டி.எக்ஸ். கிளஸ்டர். 1980களில் அமெரிக்காவின் டிக் நியூவெல் எழுதிய நிரலால் இது பரவியது. முதலில் வானொலி வழியாகவே கணிப்பொறிகள் இணைந்தன. பின்னர் இணையத்திற்கு மாறின. ஒரு நிலையத்தைக் கேட்டவர் ஒரு வரி எழுதுவார். அதில் அவருடைய அழைப்புக்குறி, அதிர்வெண், கேட்கப்பட்ட நிலையத்தின் குறி, சிறு குறிப்பு, உலகப் பொது நேரம் ஆகியவை இருக்கும். இவ்வரிக்கு 'ஸ்பாட்' என்று பெயர். சில நொடிகளில் அது பல நாட்டுத் திரைகளிலும் தோன்றும்.

இதில் இணைவது எளிது. தொலைபேசி வழியாக இணையம் பிடித்து, டெல்நெட் என்னும் வாயிலில் நுழைந்து, கடவுச்சொல்லுக்கு மாற்றாக அழைப்புக்குறியைத் தட்டினால் வரவேற்பு வரும். அதன்பின் வரிகள் மழைபோல் கொட்டும். துன்பம் அங்கேதான் தொடங்கும். போட்டி நடைபெறும் வார இறுதிகளில் ஒரு வரியைப் படிப்பதற்குள் பல வரிகள் மேலேறி மறையும். ஐரோப்பாவில் ஒருவர்க்குத் தெளிவாகக் கேட்பது கடலூரில் முணுமுணுப்பாகவும் கேளாமற்போகும். அயனி மண்டலம் நேரத்திற்கேற்ப முகம் மாறுவது.

ஆகவே வடிகட்டி வேண்டும். இங்கிலாந்தின் டர்க் கூப்மன் எழுதிய டி.எக்ஸ். ஸ்பைடர் நிரலில் அதற்கு இரு கட்டளைகள் உண்டு. 'அக்செப்ட்' என்பது ஏற்பது. 'ரிஜெக்ட்' என்பது விலக்குவது. விலக்கு விதி மட்டும் எழுதினால், அதில் அகப்படாதவை அனைத்தும் உள்ளே வரும். ஏற்பு விதி எழுதினாலோ, அதில் அகப்படாதவை அனைத்தும் வெளியே நிற்கும். முன்னது கதவைத் திறந்துவைத்துச் சிலரைத் தடுப்பது. பின்னது கதவை அடைத்துச் சிலரை அழைப்பது. இன்னொரு நுட்பமும் உண்டு. யார் பேசினார் என்பதை மட்டுமன்றி, யார் கேட்டார் என்பதையும் கொண்டு வடிகட்டலாம். இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் 22ஆம் மண்டலத்தில் அடங்கும். அம்மண்டலத்தார் கேட்டதாக எழுதிய வரிகள் நம் கம்பிக்கும் எட்டக்கூடியவை. தொலைநாட்டார் எழுதிய நூறு வரிகளைவிட அண்டை வீட்டார் எழுதிய ஒரு வரி பயன் மிக்கது.

2004 டிசம்பர்த் தொடக்கத்தில் பெருஞ்செய்தி ஒன்று வந்தது. பல ஆண்டுகளாக அமெச்சூர் ஒலியே எழாத அந்தமானிலிருந்து, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்த பாரதி பிரசாத் அவர்கள், வி.யு.4 ஆர்.பி.ஐ. என்னும் குறியுடன் ஒலிபரப்பத் தொடங்கினார். கடலூரும் போர்ட் பிளேயரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. இடையில் 1,400 கிலோமீட்டர் கடல். ஒரு மாலையில் எனக்கும் அவ்வழைப்பு வாய்த்தது. குறிப்பேட்டில் பச்சை மையால் எழுதி அடிக்கோடிட்டேன்.

அதன்பின் அவ்வொரு பெயரே திரையை நிறைத்தது. உலகின் பல நாடுகளிலிருந்தும் அதனையே எழுதினர். எனக்குத்தான் கிடைத்துவிட்டதே என்னும் நிறைவில், அக்குறியை விலக்குமாறு ஒரு கட்டளை இட்டேன். திரை அமைதியடைந்தது, நானும் மறந்தேன். ஆனால் இவ்விதிகள் அவரவர் அழைப்புக்குறியின்கீழ் அங்கேயே சேமிக்கப்படுபவை. நான் மறந்தாலும் கணிப்பொறி மறக்கவில்லை.

டிசம்பர் 26, ஞாயிறு. காலை எட்டரை மணிக்குப்பின் கடல் ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து மக்கள் ஓடிவந்த தெருக்களை நான் கண்டேன். மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பகல் முழுவதும் எங்கள் தெருவார் உணவுப் பொட்டலங்களுடன் அலைந்தோம். இரவு வீடு திரும்பியபோது எதிர்வீட்டு அம்மையார் திண்ணையில் காத்திருந்தார். அவர் மகன் போர்ட் பிளேயரில் கட்டட வேலை செய்துவந்தான். தொலைபேசி எட்டவில்லை. தொலைக்காட்சியோ நம் கடற்கரையையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தமானைப் பற்றி முரணான செய்திகளே வந்தன.

"தம்பி, உங்கள் பெட்டியில் அந்த ஊர்ச் செய்தி வருமா?" என்றார்.

கிளஸ்டரில் இணைந்தேன். வரிகள் ஓடின. அந்தமான் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தும் இல்லை. "அங்கிருந்து ஒலியே இல்லை, அம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து சென்றார். வானொலியின் குமிழை நான் ஒருமுறைகூடத் திருகிப் பார்க்கவில்லை. திரையில் இல்லாதது வானிலும் இல்லை என்றே நம்பினேன்.

மறுநாள் மாலை சிதம்பரத்திலிருந்து பெரியவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அந்தமானைக் கேட்டாயா? நான் நேற்று இரவிலிருந்து கேட்கிறேன். போர்ட் பிளேயர் நகரம் நிற்கிறதாம். தெற்கே நிக்கோபார்த் தீவுகளில்தான் அழிவு மிகுதி. செய்திகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறேன்."

அவரிடம் கணிப்பொறியே இல்லை. குமிழைக் கையால் திருகிக் கேட்பவர் அவர். அந்தமானில் வேடிக்கைத் தொடர்புக்காகச் சென்ற அந்நிலையம் துயர்க்காலத்தில் செய்தி நிலையமாக மாறி, தீவிலுள்ளோர் நலச் செய்திகளை நாட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தது. உலகமே அதனை எழுதிக்கொண்டிருக்க, என் திரையில் மட்டும் அப்பெயர் வராதவாறு நானே தடுத்திருந்தேன். நெய் ஒழுகிவிட்டது, கசடு என் கையில் நின்றது.

எதிர்வீட்டுக்கு ஓடிச்சென்று, நகரம் நிற்கும் செய்தியைச் சொன்னேன். அம்மையார் முதன்முறையாக ஒரு மிடறு நீர் அருந்தினார். நான்காம் நாள் மகனின் குரலே தொலைபேசியில் வந்தது. எவரும் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் ஒரு தாயின் ஓர் இரவு என் கணக்கில் நிற்கின்றது. என் கட்டளை திறந்திருந்தால் கடல் நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. அவர் அவ்வொரு இரவு உறங்கியிருப்பார், அவ்வளவே.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பண்ருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்தன. மின்சாரம் இல்லை; இணையம் இல்லை; கிளஸ்டரும் இல்லை. காரின் பேட்டரியில் கருவியை இணைத்து, பெரியவர் செய்தவாறே இருளில் குமிழைத் திருகினேன். இரைச்சலினூடே மெல்லிய மோர்சு ஒலி ஒன்று எழுந்தது, அதன்பின் இன்னொன்று. யாரும் எழுதித் தராத வானம் அது. செவியே முதல் வடிகட்டி என்பதை ஆசிரியர் மேசையில் விரல் தட்டிக் கற்பித்தது எத்தனை ஆண்டுகளுக்குப்பின் விளங்கியது!

பெரியவர் இன்று இல்லை. கிளஸ்டர் இன்னும் பெருகியுள்ளது. மோர்சு ஒலியை மனிதர் இன்றிக் கணிப்பொறியே கேட்டு வரிகள் எழுதும் காலமிது. வடிகட்டியின்றி அதில் அமர இயலாது. அதனால் வடிகட்டியை நான் துறக்கவில்லை. அதன் வகையை மாற்றிக்கொண்டேன். ஏற்பு விதி எழுதுவதில்லை. விலக்கு விதிகள் சில மட்டுமே. அவற்றிலும் எந்த நிலையத்தின் பெயரும் இல்லை. இணைந்தவுடன், என்னென்ன விதிகள் நடப்பில் உள்ளன என்று கேட்டுப் படித்த பின்னரே மற்ற வேலை. நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் திரையை அணைத்துவிட்டுக் குமிழைத் திருகுகின்றேன்.

இம்மலரைப் படிக்கும் மாணவர் பலர் கையிலும் இன்று திரை உள்ளது. வேண்டியதை மட்டும் காட்டுமாறு அதனைப் பழக்கியும் வைத்திருக்கிறோம். நமக்குக் கிடைத்துவிட்டது என்று நாம் விலக்கிய பெயர், நாளை வேறொருவர்க்கு உயிர்ச்செய்தியாக வரலாம். அன்னமாக இருப்பது அரிது. நெய்யரியாக இருக்கின்றோமா என்று இடையிடையே பார்த்துக்கொள்வது இயலும். நன்னூலின் அப்பகுதியை இப்போதும் வகுப்பில் நடத்துகின்றேன். மாணவர் சிரிக்கின்றனர், நான் சிரிப்பதில்லை.