நாணயம் விளிம்பில் நிற்கும்போது

2024 டிசம்பரில் ‘சோல் ரீவர்’ முதல் இரண்டு பாகங்களும் மெருகேற்றப்பட்டு மறுபடி வெளிவந்தன. ஒரு பட்டனை அழுத்தினால் புதிய உருவம், மறுபடி அழுத்தினால் பழைய முரட்டு உருவம். அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே இரண்டாம் பாகத்தை முடித்தேன். அது 2001இல் வந்த கேம். முடிவைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேச முடியாது, விளையாடாதவர்கள் மன்னிக்கவும்.

நாஸ்காத் என்ற அழிந்துகொண்டிருக்கும் தேசம். அதை ஆளும் ரத்தக்காட்டேரி கெய்ன். அவனுடைய தளபதி ரசியேலுக்கு, எஜமானுக்கு முன்பாகவே சிறகு முளைத்துவிடுகிறது. கெய்ன் சிறகின் எலும்புகளைப் பிடுங்கி அவனைச் சுழலில் எறியச் சொல்கிறான். ஆன்மாக்களைத் தின்னும் பேயாக ரசியேல் திரும்பி வருகிறான். முதல் பாகம் முழுக்கப் பழிவாங்கல். கெய்னைத் துரத்தி அவன் காலவாசலுக்குள் பாய்வதோடு அது அந்தரத்தில் நின்றுவிடும். இரண்டாம் பாகம் அங்கிருந்தே, கடந்த காலத்தில் தொடங்குகிறது.

முதல்முறை நண்பன் வீட்டுக் கணினியில் விளையாடினோம். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் கெய்னாகப் பேசிய சைமன் டெம்பிள்மேனின் குரலுக்காக ஒரு காட்சியையும் தள்ளிவிட மாட்டோம். வசனத்துக்காகவே படம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது நீளமாகவே தெரியவில்லை. நண்பனின் புகார் வேறு: “ஒரே பாதைடா, ரயில் தண்டவாளம் மாதிரி.” நியாயமான புகார். ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவு, ஒரு புதிரை அவிழ்த்தால் அடுத்த புதிர். நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

கதையும் அதையேதான் பேசுகிறது. தன்னைப் பலிகொடுத்தால் காட்டேரி இனம் அழியும், கொடுக்காவிட்டால் நாஸ்காத் அழியும் என்ற நிலையில் கெய்ன் இருக்கிறான். நாணயத்தைத் திரும்பத் திரும்பச் சுண்டினால் ஒருநாள் அது விளிம்பில் நிற்காதா என்று ரசியேலிடம் கேட்கிறான். பிறகு ஒரு கல்லறையில், வாளும் கையுமாக ரசியேல் அவனைக் கொல்லும் தருணம் வருகிறது. வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ரசியேல் கடைசி நொடியில் விலகிக்கொள்கிறான். வரலாறு மாறுகிறது.

இந்தமுறைதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த விலகலை நாம் செய்வதில்லை. அது காட்சியாக ஓடுகிறது, கன்ட்ரோலர் மடியில் கிடக்கிறது. கடைசி அத்தியாயத்திலோ நேர்மாறு. மனிதனாக இருந்த தன் பழைய வடிவத்தையும் சகோதரர்களையும் ரசியேல் வெட்டிச் சாய்க்கும்போது கட்டுப்பாடு முழுக்க நம் கையில். அந்த வாளை ஏந்தியபின் நம்மை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஜெயிக்கிறோம் என்று குதூகலமாக இருக்கும்போதே வாள் திரும்பி அவனையே குத்துகிறது. அதற்குள் பசியோடு காத்திருக்கும் ஆன்மா அவனுடையதேதான். விதிப்படி நடப்பதையெல்லாம் நம் கையால் செய்ய வைத்துவிட்டு, விதியை மீறும் தருணத்தில் மட்டும் கேம் கையைத் தட்டிவிடுகிறது.

கதையில் மோபியஸ் என்றொரு கிழவன் உண்டு, காலத்தின் காவலன். வரலாற்றை மாற்றவே முடியாது என்று ஓதுபவன் அவன்தான். ஒவ்வொருவரையும் அவரவர் இடத்துக்கு நைசாகத் தள்ளிவிடுபவனும் அவனேதான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. அக்காவின் படிப்பு பத்தாவதோடு நின்றபோது, “அவ தலையெழுத்து அவ்ளோதான்” என்றார்கள். எழுதிய பேனா அந்தக் கூடத்திலேயே ஒரு சட்டைப்பையில் இருந்தது. எனக்குக் கல்லூரிக்குப் பணம் கட்டியதும் அதே பைதான். அதை யாரும் தலையெழுத்து என்று சொல்லவில்லை, “பையன் கெட்டிக்காரன்” என்றார்கள்.

விதியை நம்பலாமா கூடாதா என்று இந்த கேம் தீர்ப்புச் சொல்வதில்லை. விதி என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது, அதனால் யாருக்கு லாபம் என்று பார்க்கச் சொல்கிறது. கடைசியில் கெய்ன்தான் வாளைப் பிடுங்கி ரசியேலைக் காப்பாற்றுகிறான். நாணயம் விளிம்பில் நிற்கிறது. ஆனால் தானாக நிற்கவில்லை, ஒருவன் கை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு அன்று அந்தக் கூடத்தில் யாரும் கை நீட்டவில்லை.