தலைமுடி அகலக் கால்வாய்கள்

தலைமுடியின் பருமனே உள்ள கால்வாய்களில் துளியிலும் சிறிய அளவு திரவத்தை ஓடவிட்டு, அதைக் கலக்கவும் பிரிக்கவும் அளக்கவும் முனையும் துறை நுண்பாய்மவியல் எனப்படுகிறது. இதன் மருத்துவப் பயன்கள் நிறையப் பேசப்படுகின்றன. கால்வாய்களைச் செய்யும் கைகளைப் பற்றிய பேச்சு குறைவு. இத்துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குள் சென்று பார்ப்பவருக்கு அது அச்சு வார்க்கும் பட்டறை போலவே தோன்றும்.

முதல் வேலை மஞ்சள் விளக்கு எரியும் தூசற்ற அறையில் நடக்கிறது. சிலிக்கான் வில்லையின்மேல் எஸ்யூ-8 என்னும் ஒளியுணர் பிசினைச் சுழற்றிப் பூசி, கால்வாயின் வடிவம் வரைந்த மறைப்பை வைத்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சிச் சூடேற்றினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் கரைப்பானில் கரைந்துபோக, கால்வாய்கள் மேடாக நிற்கும் அச்சு கிடைக்கும். வெள்ளை விளக்கில் கலந்திருக்கும் குறைந்த அலைநீள ஒளி பிசினைக் கெடுத்துவிடக்கூடும் என்பதே மஞ்சள் விளக்கிற்குக் காரணம்.

எஞ்சியவை பெரும்பாலும் சாதாரண மேசையில் முடிந்துவிடுகின்றன. பிடிஎம்எஸ் எனப்படும் சிலிக்கோன் ரப்பர்க் கூழையும் அதை இறுகச் செய்யும் பொருளையும் 10:1 என்ற எடை விகிதத்தில் கலக்கி, நுரைத்த குமிழிகளை வெற்றிடக் கலனில் வெளியேற்றி, அச்சின்மேல் ஊற்றி, 65 அல்லது 70 பாகை செல்சியசில் சில மணி நேரம் வேகவைத்தால், கண்ணாடி போலத் தெளிந்த, வளையும் பாளம் உரிந்து வரும். தோல் மருத்துவர் திசு எடுக்கும் துளைக்கருவியால் அதில் திரவம் புகும் வாயைக் குத்துகிறார்கள். கருவி சற்றே சாய்ந்தாலும் குழாய் பொருந்தும் இடத்தில் கசியும். பாளத்தில் படிந்த தூசியை எடுக்கப் பயன்படுவது எழுதுபொருள் கடையில் கிடைக்கும் ஒட்டுநாடாதான். பின்பு பாளத்தையும் கண்ணாடித் தகட்டையும் ஆக்சிசன் பிளாஸ்மாவில் சிறிது நேரம் காட்டி, மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்புமுன் ஒன்றின்மேல் ஒன்றை வைக்க வேண்டும்; ஒட்டியபின் பிரித்து மீண்டும் வைக்க வழியில்லை. இவ்வளவு கைப்பழக்கமும் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுவது, புதிதாகச் சேரும் மாணவருக்கு நியாயமானதன்று.

1998இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்சின் குழு இம்முறையை வெளியிட்டபோது, வடிவமைப்பு முதல் ஒட்டுதல் வரை ஒரே நாளுக்குள் முடியும் என்பதே அதன் கவர்ச்சியாக இருந்தது. அதற்கு முன் சிலிக்கானையும் கண்ணாடியையும் அரித்துக் குடைய வேண்டியிருந்தது. எளிதில் செய்ய முடிந்ததால் சோதனைகள் பெருகின. பழைய சிலிக்கானும் கைவிடப்படவில்லை: 2007இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த குழு, எதிர்ப்பொருள் பூசிய நுண்தூண்கள் நிறைந்த சிலிக்கான் சில்லு வழியாக இரத்தத்தைச் செலுத்தி, அதில் அரிதாகத் திரியும் புற்றுநோய் உயிரணுக்களைப் பிடித்துக் காட்டியது.

2010இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் உருவான நுரையீரல் சில்லு ரப்பரின் நெகிழ்வையே பயன்படுத்திக்கொண்டது. நுண்துளைகள் உள்ள மென்படலத்தின் ஒருபுறம் நுரையீரல் உயிரணுக்களும் மறுபுறம் இரத்தக்குழாய் உயிரணுக்களும் வளர, பக்க அறைகளில் காற்றை உறிஞ்சி விடுவதால் படலம் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது. கண்ணாடியில் இது நடவாது.

ஆனால் அதே ரப்பர், நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. மருந்துகள் பலவும் அவ்வகையினவே என்பதால், உயிரணுவைச் சேரும் அளவு ஊற்றிய அளவைவிடக் குறையக்கூடும். புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தால் நீக்கி, சில்லுச் சோதனைகளுக்கும் வழிவிட்டபின், இக்குறை முன்னைவிடக் கனமானதாகிவிட்டது. சில்லின் சுவர் எவ்வளவு மருந்தை விழுங்குகிறது என்று அளந்து சொல்லாத சோதனை முடிவை, எவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தாலும், மருந்தின் அளவை நிர்ணயிக்க எடுத்துக்கொள்ளக் கூடாது.