மீட்டு வந்தவை

மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைக்க எந்த நாவலாசிரியனுக்கும் வராது. பஞ்சடைத்த பறவையும் எலும்புக்கூடும்தான் எனக்கும் மியூசியம்.

கனடாவின் மேற்குக் கரையில் அலர்ட் பே என்று ஒரு சிறு தீவூர். அங்கே அந்தப் பெயர் செல்லாது. கடலைப் பார்த்த மரக்கட்டிடம், பெயர் உமிஸ்டா. 1980 நவம்பரில் திறந்தது. நடத்துகிறவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான க்வாக்வாகாவாக் மக்கள். (நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

அவர்களுக்குப் 'பாட்லாட்ச்' என்று ஒரு சடங்கு. கல்யாணமோ, பெயரிடுதலோ, சாவோ, எதற்கும் விருந்து, ஆட்டம், பரிசு. நம் மொய் விருந்தில் வந்தவர் வைத்துவிட்டுப் போகிறார். அங்கே அழைத்தவர் கொடுத்து அனுப்புகிறார். கொடுக்கக் கொடுக்கத்தான் கௌரவம். இப்படி வாரி இறைப்பவர்கள் எப்படி நாகரிகம் அடைவார்கள் என்று சர்க்காருக்குக் கவலை! 1885 முதல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்பவர் பெரிய பாட்லாட்ச் ஒன்று நடத்தினார். செய்தி சர்க்கார் ஏஜெண்ட் ஹாலிடேயின் காதுக்கு எட்டியது. ஆடியதற்கு வழக்கு, பேசியதற்கு வழக்கு, பரிசு கொடுத்ததற்கு வழக்கு. முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்தப்படும் என்று பேரம் வேறே. இருபது பேருக்குக் குறையாமல் சிறைக்குப் போனார்கள். சாமான்கள் ஒட்டாவாவுக்கும் டொராண்டோவுக்கும் போயின. ஒரு பகுதியை நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹே விலைக்கு வாங்கினார்.

1951-இல் தடை நீங்கியது. சாமான்கள் திரும்பவில்லை. பல வருஷம் கேட்ட பிறகு தேசிய மியூசியம் இறங்கி வந்தது: முதலில் மியூசியம் கட்டுங்கள், பிறகு தருகிறோம். 'பீரோ வாங்கிப் பூட்டுப் போட்டு வை, அப்புறம் உன் நகையைத் தருகிறேன்' என்று எடுத்துப் போனவனே சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு வயிறெரிந்தது. அவர்கள் பேசாமல் கட்டினார்கள். 1979-இல் கேப் மட்ஜில் ஒன்று. அடுத்த வருஷம் இது.

யுத்தத்தில் சிறைப்பட்டவர்கள் மீட்கப்பட்டு வீடு திரும்பினால், அதற்கு அவர்கள் பாஷையில் உமிஸ்டா என்று பெயராம். அடகு நகையை 'மீட்டு வந்தேன்' என்கிறோமே, அந்தச் சொல்லை வைத்தே நான் புரிந்துகொண்டேன்.

உள்ளே முகமூடிகளுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடையாது. சடங்கில் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில் நிற்கின்றன. பெரிய அலகும் திறந்த வாயுமாக ஒன்று, நேரே என்னைப் பார்த்தது. "பெட்டி ஏன் இல்லை?" என்றேன்.

"பூட்டி வைத்திருந்தது போதாதா?" என்றாள் அங்கே வேலை பார்க்கும் அம்மாள்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "இந்த முகமூடியின் கதை என்ன?"

"அது எங்கள் குடும்பத்துக் கதை இல்லை. சொல்ல எனக்கு உரிமை கிடையாது."

"யார் சொல்லலாம்?"

"அந்தக் குடும்பத்தார். அவர்களுக்குச் சொல்லத் தோன்றினால்."

இருபது வருஷமாக அடுத்த வீட்டுக் கதையை எழுதிப் பிழைக்கிறவன் நான். கதைக்குக்கூடப் பட்டா உண்டா என்று நாக்கு நுனி வரை வந்தது. பட்டா கேட்க ஆரம்பித்தால் என் நாவல்களில் பாதி ஜப்தியாகிவிடும். இன்றைக்கும் அந்த வழக்கத்தை நான் முழுக்க ஒப்பவில்லை. கதை நடமாடினால்தான் கதை. ஆனால் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு, அந்த அலகுக்கு எதிரில், அதைச் சொல்ல வாய் வரவில்லை. இவர்கள் சாமான்களைப் பற்றி யார் யாரோ புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். சொல்லமாட்டேன் என்கிற பாத்தியதையாவது அவளுக்கு இருக்கட்டும்.

என் முகம் வாடியதைப் பார்த்தாளோ என்னவோ, அவளே வேறொன்று சொன்னாள். பிடிபட்ட முகமூடிகளில் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்ததாம். கேட்டுக் கேட்டு 2005-இல் அனுப்பினார்களாம், கடனாக.

"எங்கள் முகமூடியை எங்களுக்கே கடன்!" என்று சிரித்தாள். "இதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்."