கோவிவன்

எங்கள் நாயின் பெயருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரன் இருந்தான். பல்லவன் மகேந்திரவர்மன் ஆண்ட காலத்தில், செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் எருமைக் கூட்டத்தைக் காத்த நாய் அவன். அவனைப் பார்ப்பதற்காகத்தான் ஒரு தை மாதக் காலையில் விழுப்புரத்திலிருந்து கிளம்பினோம். பின்னிருக்கையில் மகளின் மடியில், பழைய துண்டுக்குள் சுருண்டபடி குட்டியும் வந்தான்.

கார்த்திகை மழையில் தெருமுனை வாய்க்கால் ஓரம் கிடைத்தவன். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, சுத்தமான நாட்டு நாய். வந்த நாள் முதல் வீட்டில் பெயர்ப் பஞ்சாயத்துதான். அம்மா மணி என்றார். அண்ணன் பிள்ளைகள் டைகர் என்றார்கள். நடுகற்களைப் பற்றி நான் படித்துச் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள்தான், "கல்லுல பேரு வெட்டின நாய் ஒண்ணு இருக்குன்னீங்களேப்பா, அந்தப் பேர வைக்கலாமா?" என்றாள். அதைப் போய்ப் பார்க்காமல் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு முன்னோரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதென்றால், அவர் யார், என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டுதானே வைக்கிறோம்.

செஞ்சி சாலையில் முதலில் மண்டகப்பட்டில் நிறுத்தினோம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை அமைத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்த குடைவரை இது. அதில் அவன் தன்னை விசித்திரசித்தன் என்று சொல்லிக்கொள்கிறான். மொழி வடமொழி, எழுத்து கிரந்தம். வாயிற்காவலர் இருவரையும் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மகேந்திரவர்மன் எழுதிய நாடகத்தின் கதையை அங்கேயே உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். மத்தவிலாசம் என்ற அந்த நாடகத்தில் காபாலிகன் ஒருவனின் கபாலம் காணாமல் போகிறது. புத்த பிக்கு ஒருவர் மேல் பழி விழுகிறது. கடைசியில் பார்த்தால், அதிலிருந்த இறைச்சிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். அரசனின் நாடகத்தில் நாய் திருடுகிறது. அதே அரசனின் காலத்தில், அவன் நாட்டு எல்லைப்புறத்து ஊரொன்றில், திருடனைப் பிடித்த நாய்க்குக் கல் நிற்கிறது. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

திருவண்ணாமலையில் சாப்பிட்டுவிட்டு எடுத்தனூர் போய்ச் சேர்ந்தோம். நடுகல் எங்கே என்று விசாரித்தபோது, மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "வேடியப்பன் கல்லுங்களா?" என்று கேட்டார். இந்த வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். என்றோ ஆநிரை காத்து விழுந்தவர்கள் இன்று வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலும் படையலும் வாங்குகிறார்கள். இங்குள்ள கற்களைத் தேடிப் படியெடுத்து, இரா. நாகசாமி பதிப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது.

கல்லில் ஆயுதத்தோடு ஒரு வீரன். அவன் பக்கத்தில் நாய். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டியது. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரிடம் இளமகனாக இருந்த கருந்தேவகத்தி, தன் எருமைகளுக்காகப் பட்டான் என்கிறது. அதோடு முடித்திருக்கலாம். வேறு எத்தனையோ கற்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் வெட்டியவன் உளியைக் கீழே வைக்கவில்லை. நாயின் உருவத்தருகே தனியாக இன்னொரு செய்தி சேர்த்தான். கோவிவன் என்னும் இந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்ற செய்தி. அந்தச் சில சொற்களை வெட்ட அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்! ஊரார் நின்று சொல்லியிருக்க வேண்டும், நாயையும் எழுது என்று. அப்படித்தான் நான் நம்புகிறேன்.

மகள் குட்டியைத் தூக்கிக் கல்லுக்கு நேரே காட்டினாள். அவன் கல்லடியில் கிடந்த காய்ந்த பூவை முகர்ந்தான். பெரியவர் சிரித்தார். "பேரு வெக்க வந்தீங்களா? நல்லா வெய்யுங்கம்மா. எம் மாட்டுக்கெல்லாம் பேரு கீது" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தன் மாடுகளைக் கைநீட்டிக் காட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். மகள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கோவிவன் என்ற பெயர் அன்று அந்தப் பெயர்களோடு பெயராக முடிவானது.

திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு கவலை வந்தது. "பொண்ணு நாய்க்கு யாருமே கல்லு வெக்கலையாப்பா?" வைத்திருக்கிறார்கள். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லை நான் பார்த்திருக்கிறேன். மாண்டியா பக்கத்து ஆதகூரில் நின்ற கல் அது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்தான். அந்தப் போரில் சோழரை எதிர்த்து வீரம் காட்டிய மணலரன் என்பவனிடம், வேண்டியதைக் கேள் என்றான் கங்க அரசன் பூதுகன். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு ஒரு மலையில் பெரிய காட்டுப்பன்றி மேல் காளியை ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. அவளுக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பூசாரி கல்லை வணங்காமல் சாப்பிடக்கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். போரில் வென்றவன் பொன்னையும் ஊரையும் விட்டுவிட்டு நாயைக் கேட்டான் என்பது மகளுக்குத் துளியும் வியப்பாக இல்லை. "வேற என்ன கேப்பாங்க?" என்றாள்.

அடுத்த வாரம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனோம். அட்டையில் பெயர் எழுதும் இடம் அதுவரை காலியாக இருந்தது. எழுதுகிற தம்பி பேனாவோடு நிமிர்ந்து, "கோவிந்தனுங்களா?" என்றார். மகள் மேசைமேல் எக்கி எழுத்துக்கூட்டிச் சொன்னாள். கோ, வி, வ, ன். அவர் அப்படியே எழுதிவிட்டு, "புதுசா இருக்கே பாப்பா, யாரு வெச்ச பேரு?" என்று கேட்டார்.

"எருமை மேச்சவங்க வெச்சதுங்கண்ணா" என்றாள்.