நள்ளிரவுக்குள் வந்துவிடுங்கள்! எரிமலைத் தீவில் 226 கிலோமீட்டர்

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவை எல்லோரும் 'பிக் ஐலண்ட்' என்றே அழைக்கிறார்கள். அதன் மேற்குக் கரையில் இருக்கிறது கைலுவா-கோனா என்ற சிறிய ஊர். மலைச்சரிவில் காபித் தோட்டங்கள், கீழே நீலக்கடல், கரையோரம் உணவகங்கள் என ஓய்வெடுக்க ஏற்ற இடம்.

ஆனால், அக்டோபர் மாதம் இங்கே வருகிறவர்களில் பலர் ஓய்வெடுக்க வருவதில்லை. 3.8 கி.மீ கடலில் நீச்சல், 180 கி.மீ சைக்கிள், அதன்பின் 42.2 கி.மீ ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதுதான் அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்!

ஒரு வாக்குவாதத்தில் பிறந்த போட்டி

நீச்சல் வீரர், சைக்கிள் வீரர், ஓட்டக்காரர்... இவர்களில் யார் உடல் அதிக வலுவானது? ஹவாயில் பணியிலிருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், அவர் மனைவி ஜூடி ஆகியோரின் வட்டத்தில் இப்படி ஒரு பேச்சு எழுந்தது. 'ஒஹாஹு தீவில் ஏற்கெனவே நடக்கும் மூன்று போட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் தெரிந்துவிடுமே' என்று யோசித்தார்கள்.

1978 பிப்ரவரி 18-ல் முதல் போட்டி நடந்தது. கிளம்பியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தார் கார்டன் ஹாலர். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் உதவிக்குழுவிடம் வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, அவருக்கு பீர் கொடுத்து ஓடவைத்தார்கள் என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. 1981-ல் போட்டி பிக் ஐலண்டுக்கு இடம்மாறியது.

அரசரின் வாசலில் தொடக்கம்

நீச்சல் தொடங்கும் கைலுவா படகுத்துறையை ஒட்டி, கூரை வேய்ந்த ஒரு பழைய கோயில் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த அரசர் முதலாம் கமேஹமேஹா, 1819-ல் இறக்கும்வரை தன் கடைசிக் காலத்தைக் கழித்தது இந்த இடத்தில்தான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால், உடலை மிதக்கவைக்க உதவும் வெட்சூட் அணிய இங்கே அனுமதி இல்லை. கரையை விட்டு விலக விலக அலைகள் உடலைத் தூக்கிப்போடும். 2 மணி 20 நிமிடத்துக்குள் கரையேறாவிட்டால் அன்றைய நாள் அதோடு முடிந்தது.

கறுப்புப் பாறை, வெள்ளை எழுத்து

கரையேறியதும் சைக்கிள். அரசரின் மனைவி காஹுமானுவின் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் பயணம். இருபுறமும் எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைகள்தான். நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது. தார்ச்சாலையின் சூடு கீழிருந்தும், வெயில் மேலிருந்தும் தாக்கும். அந்தக் கறுப்புப் பாறைகள் மேல் வெள்ளைப் பவளக்கற்களை அடுக்கி, பெயர்களையும் அன்பு வாசகங்களையும் எழுதி வைப்பது இங்கே வழக்கம். சாலை நெடுகப் படித்துக்கொண்டே போகலாம்.

ஹாவி என்ற சிற்றூரை நெருங்கும்போது காற்று ஆரம்பிக்கும். மலைகளிலிருந்து இறங்கும் அந்தப் பலத்த காற்றுக்கு 'முமுகு' என்று பெயர். பக்கவாட்டில் அடித்தால் சைக்கிளோடு ஆளைத் தள்ளிவிடும். மற்ற ஊர்ப் போட்டிகளில் அனுமதிக்கப்படும், கம்பிகள் இல்லாத தட்டுச் சக்கரத்துக்கு இங்கே தடை இருப்பது அதனால்தான்.

வேலை முடிந்தபின் பயிற்சி

தொழில்முறை வீரர்கள் எட்டு மணி நேரத்தையொட்டி முடித்து, பிற்பகலிலேயே ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். ஆனால், இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர், மருத்துவர், அலுவலக ஊழியர் என வேறு வேலை பார்ப்பவர்கள். தங்கள் வயதுப் பிரிவில் வேறொரு அயர்ன்மேன் போட்டியில் தகுதி பெற்று வருகிறார்கள்.

விடியலில் நீச்சல், மாலையில் ஓட்டம், வார இறுதியில் ஐந்தாறு மணி நேரம் சைக்கிள் என மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடிப் பழகுவது முக்கியமான பாடம். அப்போது கால்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும். ஓடிக்கொண்டே சாப்பிடவும் வயிற்றைப் பழக்க வேண்டும். மாவுச்சத்தும் உப்பும் சரியாக உள்ளே போகாவிட்டால், எவ்வளவு பலசாலியும் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்.

1982 பிப்ரவரியில் அதை உலகமே பார்த்தது. கல்லூரி ஆய்வுக்காகப் போட்டிக்கு வந்த மாணவி ஜூலி மாஸ், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது இறுதிக்கோட்டருகே சுருண்டு விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். ஜூலி தவழ்ந்தே வந்து கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடிகள்! தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பலர், 'நாமும் முயலலாமே' என்று இந்த விளையாட்டுக்குள் வந்தார்கள்.

ஐந்து விநாடிகள்

ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா நீச்சல் பழகத் தொடங்கியது 60 வயதில், பணி ஓய்வுக்குப் பிறகு. முதல் ட்ரையத்லானில் கலந்துகொண்டபோது வயது 70.

2015-ல், 82 வயதில், கோனாவின் 226 கி.மீ-யையும் ஏறக்குறைய கடந்துவிட்டார். இறுதிக்கோடு கண்ணெதிரே தெரிந்தது. கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்து கோட்டைக் கடந்தபோது கடிகாரம் 17 மணி நேரத்தைத் தாண்டி 5 விநாடிகள் காட்டியது. விதிப்படி அவர் போட்டியை முடிக்காதவர்.

அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. மறுபடி பயிற்சி, மறுபடி கோனா. 2018 அக்டோபரில், 86-வது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, காலக்கெடுவுக்குச் சுமார் ஆறு நிமிடங்கள் முன்னதாக முடித்தார். கோனாவை முடித்தவர்களிலேயே மிக அதிக வயதுக்காரர் என்ற கின்னஸ் சாதனையும் அவரைத் தேடி வந்தது.

பார்க்கப் போகிறீர்களா?

2023 முதல் 2025 வரை ஆண், பெண் போட்டிகளை பிரான்ஸின் நீஸ் நகரமும் கோனாவும் பிரித்துக்கொண்டன. 2026 முதல் இரண்டும் கோனாவிலேயே ஒரே நாளில் நடக்கும் என்று 2025-ல் அறிவித்தார்கள்.

நேரில் போகிறவர்கள் காலையில் படகுத்துறைக்குப் போகலாம். மதியம் வெயிலுக்கு ஒதுங்கி, ஒரு கப் கோனா காபி குடித்து ஓய்வெடுக்கலாம். இரவு உணவை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு மேல் அலீ டிரைவ் சாலைக்கு வந்துவிடுங்கள். தெருவிளக்கு இல்லாத நெடுஞ்சாலையின் இருட்டிலிருந்து, உடலில் ஒளிரும் குச்சிகளை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். அன்று பட்டம் வென்றவர்களே திரும்பி வந்து இறுதிக்கோட்டில் நின்று அவர்களை வரவேற்பது இங்கே மரபு.

நள்ளிரவு நெருங்க நெருங்கக் கூட்டத்தின் சத்தம் ஏறும். முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தொண்டை வறளக் கத்துவீர்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களைத் தவறவிட்டுவிடாதீர்கள்!