ஐந்து விநாடி வித்தியாசம்

போன வாரம் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய டோபோ ஷீட் கிடைத்தது. 1:50,000 அளவு, சர்வே ஆஃப் இந்தியா போட்டது. மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. பிளஸ் டூ புவியியல் செய்முறை வகுப்புக்கு வருஷா வருஷம் இதைத்தான் விரிப்பேன். அதைப் பார்த்ததும் ஒரு பையன் முகம் வந்துவிட்டது. அவனுக்கு நான் செய்ததை இங்கே எழுதாமல் இருந்தால் சரியாக இருக்காது.

2004. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கரடு. அதன் உச்சிப் பாறையில் சின்ன வட்டம் செதுக்கி, நடுவில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். சர்வேக்காரர்கள் கருவியை நிறுத்திக் கோணம் பார்த்த இடம். வரைபடத்தில் அதற்கு ஒரு முக்கோணக் குறி, பக்கத்தில் உயரம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஸ்கேல் வைத்து வரைபடத்திலிருந்து அளந்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். அதுதான் அன்றைய பாடம்.

ஒரு பையன் மட்டும் சட்டைப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தான். அவன் சித்தப்பா செல்போன் டவர் போட இடம் பார்க்கிற வேலையில் இருந்தார். அவருடைய ஜி.பி.எஸ். கருவி. அதைப் பாறையில் வைத்துக் காத்திருந்து எண்ணைப் படித்தான். அட்சரேகை எங்கள் கணக்கைவிட ஐந்து விநாடிக்கு மேல் கூடுதல். தீர்க்கரேகை ஏறக்குறைய ஐந்து விநாடி குறைவு. (கடிகார விநாடி அல்ல. பாகை, நிமிடம், விநாடி என்று கோணத்தைப் பிரிப்போமே, அது. அட்சரேகையில் ஒரு விநாடி என்றால் தரையில் 30 மீட்டர் சொச்சம்.)

"ரெண்டுல எது சார் சரி?" என்று கேட்டான்.

"சர்வே ஆஃப் இந்தியா பொய் சொல்லாதுடா. உன் மெஷின்தான் ரிப்பேர்" என்றேன். பையன்கள் சிரித்தார்கள். அவன் நோட்டில் அந்த எண்களைச் சிவப்பு மையால் அடித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு மகன் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் விளையாட்டாக, எனக்கு மனப்பாடமாகிவிட்ட அந்தக் கரட்டின் எண்களை மேப்பில் போட்டேன். புள்ளி கரட்டில் விழவில்லை. தென்கிழக்கே 200 மீட்டருக்கு மேல் தள்ளி ஒரு புளியந்தோப்பில் விழுந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே தோப்பு. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் ஒரு நேர்க்கோட்டை அளந்தார். ஏறக்குறைய ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அதற்கு நிழல் கட்டி, சூட்டைக் குறித்து, அங்குலம் அங்குலமாக, வாரக்கணக்கில். அந்தக் கோட்டில் தொடங்கித்தான் நாடு முழுவதும் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டு போனார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கரடு கரடாகத் தூக்கினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிக் கருவி நசுங்கியது. லாம்டன் கூடாரத்தில் உட்கார்ந்து தானே பல வாரம் தட்டிச் சீர்செய்தார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கோணமும் நீளமும் அளந்தால் போதாது. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. எவ்வளவு தட்டை, எவ்வளவு பெரியது என்று ஓர் எண்ணை முடிவு செய்தால்தான் அட்சரேகை, தீர்க்கரேகை வரும். லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இங்கே அளந்த கோட்டை அடிப்படையாக வைத்து 1830இல் அந்த எண்ணைக் கணக்கிட்டார். மத்தியப் பிரதேசத்தில் கலியான்பூர் என்ற இடம் மூலப்புள்ளி ஆயிற்று. எங்கள் டோபோ ஷீட்டின் ஓரத்தில் இருந்த எண்கள் எல்லாம் அந்த வழி வந்தவை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியின் மையத்தைச் சுற்றுகின்றன. அவற்றுக்கு எவரெஸ்டும் தெரியாது, கலியான்பூரும் தெரியாது. அவை பயன்படுத்துகிற டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற முறையில் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,378,137 மீட்டர். எவரெஸ்ட் கணக்கில் அது 860 மீட்டர் குறைவு. அவருடைய உருண்டை நம் துணைக்கண்டத்தின் மேல் கச்சிதமாகப் பொருந்துவதற்காக வைக்கப்பட்டது. அதனால் அதன் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. ஒரே பாறை, இரண்டு உருண்டை, இரண்டு முகவரி.

இது நம் நாட்டுக் கூத்து மட்டுமல்ல. லண்டன் கிரீனிச்சில் தரையில் பதித்த பூஜ்ய ரேகைக் கோட்டின் மேல் நின்று போனைப் பார்த்தால் பூஜ்யம் காட்டாது. கிழக்கே 102 மீட்டர் நடக்க வேண்டும். ஜப்பான் 2002 ஏப்ரலில் சட்டத்தையே திருத்தி உலக முறைக்கு மாறியது. டோக்கியோவின் எண்கள் ஏறத்தாழ 12 விநாடி வீதம் மாறின. நம் நாட்டில் 2005 தேசிய வரைபடக் கொள்கைதான் பொதுமக்களுக்கான வரைபடங்களை டபிள்யூ.ஜி.எஸ். 84க்குக் கொண்டு வந்தது. நான் அந்தப் பையனை அடக்கியதற்கு அடுத்த வருஷம்!

(கமென்ட்டில் யாராவது "சார், அப்போ எங்க காடு 200 மீட்டர் தள்ளிப் போயிடுச்சா?" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். போகவில்லை. உங்கள் புலப்படம் கல்லுக்குக் கல் சங்கிலி பிடித்து அளந்தது. கல் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. யாரும் பிடுங்கி நடாத வரைக்கும்.)

அந்தக் கருவியின் மெனுவிலேயே எந்த நாட்டு அளவை முறை என்று மாற்றிக்கொள்ள வழி இருக்குமாம். இரண்டு பட்டனை அழுத்தியிருந்தால் அன்றைக்கே இரண்டு கணக்கும் பொருந்தியிருக்கும். எனக்குத் தெரியாதது குற்றமில்லை. "தெரியலைப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லாததுதான் இன்றும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் அவனே வந்து வணக்கம் சொன்னான். காதோரம் நரை. சேலத்தில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறான். பந்தியில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, எவரெஸ்ட், கலியான்பூர் எல்லாம் சொல்லி முடித்தேன். ரசம் ஆறிவிட்டது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு வீட்டுல போய் மெஷின் ரிப்பேர்னு சொல்லிட்டேன் சார். சித்தப்பா அதை நம்பி ரிப்பேருக்குக் கொடுத்தாரு. அவங்க பிரிச்சுப் போட்டுட்டாங்க. அப்புறம் அது வேலையே செய்யல. கம்பெனிப் பொருள்னு அவர் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க."

எனக்கு இலையில் கை போகவில்லை.

"அப்போ அது நல்ல மெஷின்தானா சார்?" என்றான்.

"நல்ல மெஷின்தாம்ப்பா" என்றேன்.

சித்தப்பா இன்னும் ஊரில்தான் இருக்கிறாராம். வியாழக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். டோபோ ஷீட்டையும் எடுத்துக்கொண்டு.