மெக்கானகி ஏரிக்கரையில் இரண்டு இரவுகள்

பெங்களூரில் முப்பது ஆண்டுகளாகத் தண்ணீர் லாரியின் ஓசைக்குக் காது கொடுத்து வாழ்ந்து பழகியவன் நான். ஆகவே டென்வர் நகரில் வசிக்கும் என் மகள், 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், "அப்பா, ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கி வருவோம்" என்று சொன்னவுடன், எந்த ஏரி, எவ்வளவு தூரம் என்றுகூடக் கேளாமல் சம்மதித்துவிட்டேன். என் மனைவிக்குத்தான் தயக்கம். பாம்பு வருமா, கழிப்பறை உண்டா என்று இரண்டு கேள்விகள் கேட்டாள். இரண்டாவதற்கு உண்டு என்று விடை கிடைத்தது. முதலாவதற்கு ஒருவரும் விடை கூறவில்லை.

கொலராடோ மாநிலத்தின் டென்வரிலிருந்து வடகிழக்காக, தென் பிளாட் ஆற்றை ஏறக்குறைய ஒட்டியே நெடுஞ்சாலை செல்கிறது. மூன்றரை மணி நேரப் பயணத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒகலாலா என்னும் சிற்றூரை அடைந்தோம். 1870களில் டெக்சாசிலிருந்து பல்லாயிரம் மாடுகளை மாதக்கணக்கில் நடத்திக் கொண்டுவந்து ரயிலேற்றிய ஊர் இது. மாடோட்டிகளின் பழைய கல்லறைத் தோட்டத்தை இன்றும் காட்டுகிறார்கள். அங்கிருந்து வடக்கே பதினான்கு கிலோமீட்டர் சென்றால், வட பிளாட் ஆற்றைத் தடுத்து நிற்கும் கிங்ஸ்லி அணை. சாலை அணையின்மேலேயே செல்கிறது. வலப்புறம் பள்ளத்தில் சிறிய ஒகலாலா ஏரி, இடப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். அதுதான் மெக்கானகி ஏரி. நிரம்பியிருந்தால் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், பரப்பு 30,000 ஏக்கருக்கும் அதிகம். அம்மாநிலத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுவே. உள்ளூரார் செல்லமாக இதனைப் 'பிக் மேக்' என்கிறார்கள். அதைக் கேட்டவுடன் ஒன்பது வயதுப் பேரனுக்குப் பசியெடுத்துவிட்டது.

இந்த அணையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1930களில் அமெரிக்கச் சமவெளி முழுவதும் மழையின்றிப் புழுதிக்காடானது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே, கிழக்கே வெகுதொலைவில் உள்ள ஹோல்ட்ரெஜ், மிண்டன் ஆகிய ஊர்களின் வயல்களுக்குப் பிளாட் ஆற்று நீரைக் கொண்டுவர வேண்டும் என்று இருவர் ஓயாது பேசிவந்தனர். ஒருவர் ஹோல்ட்ரெஜ் ஊரின் தானிய வணிகர் மெக்கானகி, மற்றவர் மிண்டன் ஊரின் வங்கியாளர் கிங்ஸ்லி. 1936இல் தொடங்கிய பணி 1941இல் முடிந்தது. ஆற்றுமணலை நீரோடு கலந்து குழாய்கள் வழியே பாய்ச்சிப் படியவைத்து எழுப்பிய மண் அணை இது. உயரம் 162 அடி, நீளம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். ஏரிக்கு ஒருவர் பெயரும் அணைக்கு மற்றவர் பெயரும் இட்டார்கள். ஆனால் அணை முடிந்ததைக் காண இருவருமே உயிரோடிருக்கவில்லை. ஏரி நீர் பரவவிருந்த இடத்தில் இருந்த லெமாயின் என்னும் சிற்றூர் வீடுகளோடு மேட்டுக்கு இடம்பெயர்ந்தது.

அணையைக் கடந்து வடகரையிலிருந்த முகாமிடத்துக்குச் சென்றோம். மாநிலப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ள இடம். வாகனத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், தங்குமிடத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். கோடை வார இறுதிகளில் கொலராடோவாசிகள் திரண்டு வருவதால், கடைசி நாளில் முயல்வோருக்கு இடம் கிடைப்பது அரிது. எங்கள் இடத்தில் நிழலுக்கென்று மரம் ஏதுமில்லை. ஆனால் அந்த மணல்! வெண்மையாக, மாவாக, கால் புதையுமளவுக்கு. மெரினாவைத் தூக்கிவந்து புல்வெளியின் நடுவே விரித்ததுபோல் இருந்தது. "தாத்தா, இது கடலா?" என்று பேரன் கேட்டான். உப்பில்லை என்பதை ஒரு வாய் குடித்தே கண்டுகொண்டான். மகளிடம் திட்டும் வாங்கினான்.

"எவ்வளவு அகலமான கரை!" என்று நான் வியந்தபோது, மருமகன் சற்றுத் தயங்கி, "மாமா, ஏரி நிரம்பியிருந்தால் இங்கே மணலே தெரியாது. நாம் நிற்பது ஏரியின் தரை" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என் மகிழ்ச்சியின் பாதியை வாங்கிக்கொண்டது. தண்ணீர் குறையக் குறையக் கரை விரிகிறது. கரை விரிய விரிய மக்கள் கொண்டாடுகிறார்கள். 2000இல் தொடங்கிய வறட்சியின் விளைவாக 2004இல் இந்த ஏரி தன் கொள்ளளவில் கால்பங்குக்கும் கீழே இறங்கியது. 2011இல்தான் மீண்டும் ஏறத்தாழ நிறைந்தது. இந்நீர் இங்கே பெய்த மழையன்று. கொலராடோவிலும் வயோமிங்கிலும் மலைகள்மேல் உறையும் பனி உருகி, வயோமிங் மாநிலத்தின் பல அணைகளில் தங்கித் தங்கி இங்கே வருகிறது. மேலே இருப்பவர் விட்டால்தான் கீழே இருப்பவருக்கு. நெப்ராஸ்கா 1934இல் வயோமிங்கின்மேல் வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1945இல் பங்கீட்டை வகுத்தது. 1986இல் வழக்கு மறுபடி எழுந்து 2001இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. காவிரி நீர் குடித்துப் பெங்களூரில் வாழும் தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பேரன் ஒரு குச்சியைத் தேடியெடுத்து, அலை வந்து தொடும் இடத்தில் ஆழமாக நட்டுவைத்தான். "நாளை இது முழுகிவிடும், பாருங்கள்" என்றான். கடலின் வற்றுப்பெருக்கைப் பள்ளியில் படித்திருக்கிறான்.

மாலை எட்டரை மணி வரை வெளிச்சம் இருந்தது. எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் உண்டோம். கூடாரத்தின் முளைகளை மணலில் அடித்தபோது அவை வெண்ணெயில் இறங்குவதுபோல் சுலபமாக இறங்கின. அது நல்ல அறிகுறியன்று என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நள்ளிரவுக்குச் சற்று முன் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின: பெருங்காற்று எச்சரிக்கை. மேற்கே வானம் விளிம்பிலிருந்து விளிம்புவரை மின்னிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடங்களில் காற்று வந்தது. வீசிற்று என்று சொல்ல மாட்டேன், மோதிற்று. முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. நானும் மருமகனும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, என் மனைவி பேரனை அணைத்துக்கொண்டு ஜெபித்தாள். அப்போது கைவிளக்கோடு ஒரு முதியவர் எங்களை நோக்கி ஓடிவந்தார். அடுத்த இடத்தில் வண்டி வீட்டில் தங்கியிருந்தவர். "கூடாரத்தை விடுங்கள்! எல்லாரும் காருக்குள் போங்கள்!" என்று கத்தினார். தாமே கம்பிகளை உருவிக் கூடாரத்தைத் தரையோடு படுக்கவைத்து, அதன்மேல் எங்கள் குளிர்பெட்டியைத் தூக்கி வைத்தார். காருக்குள் ஐவரும் ஈர உடையோடு ஒரு மணி நேரத்துக்குமேல் ஒடுங்கியிருந்தோம். கூடாரத்தைக் காப்பாற்ற எண்ணி, பேரனை வெளியே நிறுத்தியிருந்தேனே என்ற எண்ணம் அந்த ஒரு மணி நேரமும் என்னை அறுத்தது.

காலையில் நன்றி சொல்லச் சென்றபோது, அவரும் அவர் மனைவியும் காப்பி கொடுத்து உட்காரவைத்தனர். வடக்கே மணற்குன்றுப் பகுதியில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்கள். மணலில் முளை நிற்காது. காய்கறிப் பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று செய்தே காட்டினார். "மணல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளாது. வேறேதாவது பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் புல் பிடிக்கிறது" என்றார். அவர் சொன்ன வழியிலேயே அன்று மணற்குன்றுகளைக் காணப் புறப்பட்டோம்.

ஏரியின் வடகரையிலேயே அந்நிலம் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர். மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுப் பரப்பு. ஆனால் பார்ப்பதற்குப் பாலைவனமன்று. அலையலையாகப் பசும்புல். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் எங்களுக்கு எதிரே வந்த வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முள்கம்பி வேலி, கறுத்த மாடுகள், ஆங்காங்கே நிலத்தடி நீரை இறைத்துத் தொட்டியை நிரப்பும் காற்றாலைகள். இம்மாநிலத்தில் மனிதர் ஏறத்தாழ 20 லட்சம், மாடுகள் 60 லட்சத்துக்கும் மேல். இருப்பினும் புல்லுக்கு மிஞ்சி மாடு வைப்பவர் இங்கே நிலைப்பதில்லை. ஒரு பசுவும் கன்றும் ஓராண்டு பிழைக்கப் பத்து ஏக்கருக்குமேல் வேண்டுமாம். அளவு மீறி மேய்த்தால் வேர் அறுந்து, காற்று குன்றின் வயிற்றைக் குடைந்து பள்ளமாக்கிவிடும். ஆறவிட்டு மேய்த்தால், பெய்யும் மழையும் பனியும் மணலில் வழிந்தோடாமல் இறங்கி, அடியிலுள்ள பெரும் நீர்க்கொள்படுகையைச் சேரும். ஒகலாலா ஊரின் பெயரையே அப்படுகைக்கும் இட்டிருக்கிறார்கள்.

இதனை அறியாத காலமும் இருந்தது. 1904இல் கின்கெய்ட் சட்டம் இப்பகுதியில் குடியேறுவோருக்கு 640 ஏக்கர் இலவசமாக வழங்கியது. ஏழைக் குடும்பங்கள் நம்பிக்கையோடு வந்து உழுதன. உழுத இடத்தில் மணல் பறந்தது. பெரும்பாலோர் நிலத்தைப் பண்ணைக்காரர்களுக்கு விற்றுவிட்டு மனமுடைந்து வேறிடம் தேடிச் சென்றார்கள். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவர்களுடைய மனநிலை புரியாமலிராது.

தங்கிவிட்ட சிலருடைய ஊர் ஆர்தர். அந்த மாவட்டம் முழுவதிலும் 500 பேருக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். அங்கே ஒரு சிறிய வெள்ளைக் கட்டடத்தின்முன் வண்டியை நிறுத்தினோம். 1928இல் பில்கிரிம் ஹோலினஸ் சபையார் கட்டிய ஆலயம். மரமில்லாத நாடு, செங்கல் வாங்கப் பணமில்லாத சபை. ஆகவே ரை என்னும் தானியத்தின் வைக்கோலைக் கட்டுக்கட்டாக அழுத்தி, செங்கல்போல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் சுவரெழுப்பி, மேலே பூசிவிட்டார்கள். சுவர் ஏறத்தாழ இரண்டடி கனம். இன்று அங்கே ஆராதனை நடைபெறுவதில்லை. 1979இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. முந்தின இரவில் எங்களுடைய விலையுயர்ந்த கூடாரத்தைப் பிடுங்கியெறிந்த அதே காற்று, இந்த வைக்கோல் சுவர்களை இத்தனை ஆண்டுகளாக மோதிக்கொண்டுதான் இருக்கிறது. என் மனைவி சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பெங்களூரில் எங்கள் சபை தகரக் கொட்டகையில் தொடங்கிய நாட்கள் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இரண்டாம் இரவு மணல் மூட்டைகள் கூடாரத்தை நன்றாகப் பிடித்தன. காற்றும் இல்லை. நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

விடியற்காலையில் பேரனோடு கரையில் நடந்தேன். ஓரிடத்தில் கயிறு கட்டி, உள்ளே செல்லலாகாது என்று எழுதியிருந்தார்கள். மணலின் நிறமே கொண்ட பைப்பிங் ப்ளோவர் என்னும் சிறு பறவை அங்கே வெறுமணலில் முட்டையிடுகிறது. அழிவின் விளிம்புக்கு வந்ததால் 1980களிலிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கும் பறவை. நீர் குறைந்த ஆண்டுகளில் அதற்கு இடம் அதிகம், ஏறும் ஆண்டுகளில் கூடுகள் முழுகிவிடும். மனிதருக்கு நஷ்டமான ஆண்டு அதற்கு லாபம். முதலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கூழாங்கல் ஓடத் தொடங்கியது.

திரும்பி வந்தபோது பேரன் தன் குச்சியை நோக்கி ஓடினான். அது முழுகியிருக்கவில்லை. காய்ந்த மணலில் நின்றது. தண்ணீர் அதைவிட்டு நான்கைந்தடி விலகிப் போயிருந்தது.

"தாத்தா, தண்ணீர் எங்கே போயிற்று?"

மருமகன் கிழக்கே கையைக் காட்டினார். அணைக்கு அப்பால், ஆறும் கால்வாயுமாக இருநூறு கிலோமீட்டருக்குமேல் சென்று, ஹோல்ட்ரெஜ் ஊரின் மக்காச்சோள வயல்களில் அது அந்நேரம் பாய்ந்துகொண்டிருக்கும் என்றார். வழியில் கால்வாய்களிலிருந்து கசியும் நீரால் அவ்வூர்ப் பகுதியில் நிலத்தடி நீரே பல அடி உயர்ந்துவிட்டதையும் சொன்னார். பேரன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு குச்சியைப் பிடுங்கி, புதிய நீர்விளிம்பில் நட்டுவிட்டு வந்து காரில் ஏறினான்.